எண்ணெய் எந்தப் பக்கம் போகும்? முகத்துவாரத்துல ஒரு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்றதுன்னா என்ன? எங்க இருந்து ஆரம்பிக்கிறது?" இதுக்கு வழக்கமா ஸ்பிரிங்ல தொங்குற எடை, பெண்டுலம், முயலும் நரியும்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அந்த முயல் மேல எந்தப் பாசமும் வந்ததில்ல. அதனால இன்னைக்கு எண்ணூர்ல இருந்து ஆரம்பிப்போம்.

முகத்துவாரக்குப்பம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போனா, கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற வாய்க்குப் பக்கத்துல இருக்கிற மீனவ கிராமம். பேர்லயே முகத்துவாரம் இருக்கு. வடக்குப் பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், அதையும் தாண்டினா காமராஜர் துறைமுகம். ஆத்துத் தண்ணி, பக்கிங்காம் கால்வாய்த் தண்ணி, கடல் ஓதம், மூணும் சந்திக்கிற இடம் இது.

இந்தப் பக்கம் ரெண்டு தடவை எண்ணெய் வந்திருக்கு. 2017 ஜனவரி 28 அதிகாலைல காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல் மோதி, எண்ணெய் கடல்ல கொட்டிச்சு. எர்ணாவூர் பக்கம் கரைல ஆளுங்க பக்கெட்ல மொண்டு மொண்டு எடுத்த படம் ஞாபகம் இருக்கும். இன்னொண்ணு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துல இருந்து வெள்ளத்தோட எண்ணெய் கலந்து, கால்வாய் வழியா, ஆறு வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு இறங்கிச்சு. படகு, வலை, அலையாத்தி மரத்தோட வேர் எல்லாம் கறுப்பு.

முதல் விபத்துல எண்ணெய் கடல்ல இருந்து கரைக்கு வந்துச்சு. ரெண்டாவதுல உள்ள இருந்து கடலுக்குப் போச்சு. ரெண்டுலயும் முதல் நாள் கேள்வி ஒண்ணுதான்: நாளைக்குக் காலைல இது எங்க இருக்கும்? மிதவைத் தடுப்பை எங்க கட்டணும், எந்தக் குப்பத்துக்கு முதல்ல சொல்லணும், பின்னாடி யார் பாதிக்கப்பட்டவங்கன்னு எழுதும்போது எந்த ஊர் லிஸ்ட்ல வரும், எல்லாம் இதுக்கு வர்ற பதிலைப் பொறுத்துதான் இருக்கு.

சரி, ஈக்வேஷனுக்கு வருவோம். எண்ணெய்ப் படலத்தை ஆயிரம் சின்னத் துளியா நினைச்சுக்கங்க. ஒரு துளியோட இடம் எவ்வளவு வேகமா மாறுது? அந்த இடத்துல, அந்த நேரத்துல தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதோ அவ்வளவு. கூட, காத்து வேகத்துல ஏறத்தாழ 3 சதவீதம். காத்து மேற்பரப்பை மட்டும்தானே இழுக்கும், அதான் இந்த 3. "இடம் மாறுற வேகம் சமம் தண்ணி வேகம் கூட்டல் காத்தோட பங்கு." டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்னு நாம பயந்தது இந்த ஒரு வரிதான்.

இந்த 3 சதவீதத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. காத்து நொடிக்கு 5 மீட்டர் அடிச்சா, எண்ணெய்க்குக் கிடைக்கிறது 0.15 மீட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடி. பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். 2017-ல மோதல் நடந்த இடத்துல இருந்து மெரினா 20 கிலோமீட்டருக்கு மேல. ஜனவரில வடகிழக்குல இருந்து வாடைக்காத்து. அந்த எண்ணெய் மெரினா வரைக்கும் போனது ஆச்சரியமே இல்ல.

அப்ப சிமுலேஷன் எதுக்கு, பெருக்கினாலே போதுமேன்னு கேப்பீங்க. வேகம் மாறாம இருந்தா போதும். ஆனா தண்ணி வேகம் இடத்துக்கு இடம், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதனால நேரத்தைச் சின்னச் சின்ன துண்டா வெட்டறோம். இந்தப் பத்து நிமிஷத்துக்கு வேகம் மாறாதுன்னு வெச்சுக்கிட்டு துளியை நகர்த்து. புது இடத்துல வேகத்தைக் கேளு. மறுபடி நகர்த்து. இதுதான் ஆய்லர் மெத்தட், 18-ம் நூற்றாண்டுச் சரக்கு. பைத்தான்ல ஒரு ஃபார் லூப், உள்ள ரெண்டு வரி.

இங்க ஒரு பழைய கதை. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்னு ஒரு பிரிட்டிஷ்காரர், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, இதே மாதிரி நேரத்தை வெட்டி வெட்டி வானிலையைக் கையாலயே கணக்குப் போட்டார். 1922-ல புத்தகமா வந்துச்சு. ஆறு மணி நேரத்துல காத்தழுத்தம் 145 மில்லிபார் மாறும்னு அவர் கணக்கு சொல்லிச்சு. நிஜத்துல அன்னைக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே மாறல. மனுஷன் அந்தத் தப்பான விடையையும் சேர்த்தேதான் அச்சுல போட்டார். எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே அதனாலதான். அவர் திரும்ப வருவார், வெயிட் பண்ணுங்க.

இப்ப ஆய்லர் எங்க நம்மள ஏமாத்தும்னு பார்ப்போம். துறைமுகத்தோட அலைதடுப்புச் சுவர் மாதிரி இடத்துக்குப் பின்னாடி தண்ணி வட்டமா சுழலும். ஒரு உதாரணச் சுழல் எடுத்துக்கலாம்: ஆரம் 500 மீட்டர், வேகம் நொடிக்கு 0.2 மீட்டர். ஒரு சுத்துக்குச் சுமார் 4 மணி 20 நிமிஷம். சுழல்ல மாட்டுன துளி அங்கயேதான் சுத்தணும். ஒரு சுத்து முடிஞ்சாலும் ஆரம் அதே 500.

15 நிமிஷத் துண்டு வெச்சு ஆய்லர்ல ஓட்டுங்க. ஒரு சுத்து முடியறப்ப ஆரம் 1,500 மீட்டர் ஆகியிருக்கும். மூணு மடங்கு! ஏன்னா ஒவ்வொரு தடவையும் நாம வட்டத்துக்குத் தொடுகோட்டுல போறோம், நேரா. வட்டம் வளையுது, நாம வளையல. அதனால ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வெளியே. ஸ்கிரீன்ல பார்த்தா எண்ணெய் சுழல்ல இருந்து தப்பிச்சு அடுத்த குப்பத்துக் கரைல ஏறுற மாதிரியே இருக்கும். அங்க எண்ணெயே போகல. போனது நம்ம ஃபார் லூப்.

துண்டை 90 நொடியாக் குறைச்சா? 560 மீட்டர். இன்னும் 12 சதவீதம் பிழை, அதுக்கே 175 தடவை வேகத்தைக் கேட்கணும். ரங்கே-கூட்டா நாலாம் படி ஞாபகம் இருக்கா? நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர்ல 16 மார்க். கால்குலேட்டர்ல கே ஒண்ணு, கே ரெண்டு, கே மூணு, கே நாலுன்னு தட்டி, நடுவுல ஒரு டெசிமல் தப்பா அடிச்சு, பக்கம் முழுக்க அடிச்சுட்டு மறுபடி எழுதினோமே, அதேதான். அது எதுக்குன்னு அப்ப யாரும் சொல்லல, நானும் கேட்டுக்கல. இப்ப பாருங்க: அது கிளம்புற இடத்துல மட்டும் வேகத்தைக் கேட்காம, பாதி வழில ரெண்டு தடவை, கடைசில ஒரு தடவையும் கேட்டு, சராசரி எடுத்து நகரும். அதே 15 நிமிஷத் துண்டு, மொத்தம் எழுபது சொச்சம் தடவை கேள்வி, ஒரு சுத்து முடிவுல பிழை அரை மீட்டர். ஆய்லருக்கு ஆயிரம் மீட்டர், இதுக்கு அரை மீட்டர். அந்த 16 மார்க்குக்கு இப்பதான் அர்த்தம் புரிஞ்சுது. சைபை லைப்ரரில இருக்கிற சால்வ் ஐவிபி ஃபங்ஷனும் இதே குடும்பம்தான். துண்டோட அளவையும் அதுவே பார்த்துக்கும்.

மெத்தட் கைல இருக்கு, இப்ப மாடல் வேணும். 2023 மாதிரி ஒரு நிலைமையை ஒற்றைக் கோட்டுல போடலாம்: உள்ள மணலிப் பக்கம், வெளியே கடல், நடுவுல நேர்க்கோடா ஆறு. முன்னாடியே சொல்லிடறேன், இதுல வர்ற எண்கள் நான் வெச்சுக்கிட்டது, அளந்தது இல்ல.

ஓதம் ஏறி, வத்தி, மறுபடி ஏற நம்ம கரைல சுமார் 12.4 மணி நேரம். வேகத்தோட உச்சம் நொடிக்கு 0.5 மீட்டர்னு வைங்க. அதை ஒரு கொசைன் அலையா எழுதினா, ஒரு வத்துல துளி 7.1 கிலோமீட்டர் வெளியே போகும், அடுத்த ஏத்தத்துல அதே 7.1 கிலோமீட்டர் உள்ள வரும். உள்ள போகப் போக ஓதம் பலவீனமாகும், அதனால நிஜத்துல இவ்வளவு வராது. ஆனா விஷயம் புரியும். வெள்ளம் இல்லாத நாள்ல எண்ணெய் எங்கயும் போகாது, முன்னயும் பின்னயுமா ஆடிக்கிட்டே இருக்கும்.

இப்ப வெள்ளத்தைச் சேருங்க. புயல் மழைல ஆத்து வேகம் 0.8 மீட்டர், வெளிப்பக்கமா. நாள் ஆக ஆக வடியும், மூணு நாள்ல 0.3 கிட்ட வந்துடும். ஆரம்பத்துல 0.8, ஓதத்தோட 0.5-ஐ விடப் பெருசு. ஓதம் எவ்வளவு முட்டினாலும் தண்ணி கடல் பக்கம்தான். எல்லாரும் எண்ணெய் கடலுக்குப் போயிட்டிருக்குன்னு நினைப்பாங்க, அது சரியும்கூட. ஆனா வெள்ளத்தோட வேகம் 0.5-க்குக் கீழ இறங்குற நேரம் ஒண்ணு வருது. கணக்குப் போட்டா சுமார் 34 மணி நேரம். அதுக்கு அப்புறம் வர்ற ஏத்தத்துல, முகத்துவாரத்துல நிக்கிற எண்ணெய் திரும்ப உள்ள ஏறும். சராசரி ஓட்டம் இன்னும் வெளிப்பக்கம்தான். சராசரியை மட்டும் பார்க்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. வாய்ல தடுப்புக் கட்டணும்னா இந்த 34 மணி நேரத்துக்குள்ள கட்டணும்.

அடுத்தது கரை. இதுலதான் எனக்கு ரெண்டு வாரம் போச்சு.

மேல சொன்ன மாடல்ல கரைன்னு ஒண்ணே கிடையாது. துளி ஆடி ஆடி கடைசில கடலுக்குப் போயிடும். அஞ்சு நாள் ஓட்டினா ஸ்கிரீன் முழுக்க நீலம், ஆறு சுத்தம். எண்ணூர்ல நடந்தது என்னன்னு நமக்குத் தெரியும். அலையாத்தி வேர்லயும் சேத்துலயும் எண்ணெய் வாரக்கணக்கா ஒட்டியிருந்துச்சு. அதனால ஒரு விதி சேர்த்தேன்: ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும், ஒரு துளி கரைல ஒட்டிக்கிற வாய்ப்பு 1 சதவீதம். ஒட்டினா அவ்வளவுதான். ஒரு நாள்ல 144 துண்டு. நாள் முடிவுல 76 சதவீதம் ஒட்டிடுச்சு.

நல்லாத்தான் இருந்துச்சு. படம் ஸ்மூத்தா வரட்டும்னு துண்டை ஒரு நிமிஷமாக் குறைச்சேன். ஆறு முழுக்கக் கறுப்பு! ஒரு துளி கூட கடலுக்குப் போகல. ஓத ஃபைலைத் தப்பாப் படிச்சிட்டேனோ, யூனிட் குழப்பமோன்னு என்னென்னமோ தேடினேன். தப்பு கண்ணு முன்னாடியே இருந்துச்சு. 1 சதவீதம்கிறது பத்து நிமிஷத்துக்கானது. அதையே ஒவ்வொரு நிமிஷத்துக்கும் போட்டா, ஒரு நாள்ல 1,440 தடவை சீட்டு எடுக்கிற மாதிரி. யாரும் தப்பிக்க முடியாது. ஆத்துல எதுவுமே மாறல, நான் நேரத்தை வெட்டுன விதம் மாறினதும் விடை தலைகீழாயிடுச்சு.

சரி பண்றது சுலபம். துண்டுக்கு இவ்வளவு வாய்ப்புன்னு எழுதாம, மணிக்கு இவ்வளவு விகிதம்னு எழுதணும். துண்டோட நீளத்தை வெச்சு எக்ஸ்பொனென்ஷியல்ல வாய்ப்பைக் கணக்குப் பண்ணணும். அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம்: எந்த சிமுலேஷனா இருந்தாலும் துண்டைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டுவேன். விடை கிட்டத்தட்ட அதேன்னா மேல பேசலாம். மாறினா, நான் பார்த்துக்கிட்டிருக்கிறது ஆறு இல்ல, என் கோடு. ஆபீஸ்ல யூனிட் டெஸ்ட் பாஸ் ஆனா போதும்னு பழகினவங்களுக்கு இது கஷ்டம். இதுல எரர் வராது, கிராஷ் ஆகாது, கலர் கலரா படம் வரும், தப்பா வரும்.

பக் போனதுக்கு அப்புறமும் ஒரு பிரச்சினை பாக்கி. அந்த 1 சதவீதத்தை நானாத்தானே வெச்சேன்? 0.1 சதவீதம்னு வெச்சா, ஒரு நாள்ல ஒட்டுறது 76 இல்ல, 13 சதவீதம். ரங்கே-கூட்டா எவ்வளவு துல்லியமா இருந்தாலும் இந்த எண் அதுல இருந்து வராது. சேறு எப்படிப்பட்டது, வேர் எவ்வளவு அடர்த்தி, எண்ணெய் எவ்வளவு கெட்டி, இதெல்லாம் தெரிஞ்சவங்களைத்தான் கேட்கணும். அதுல முதல் வரிசைல இருக்கிறவங்க அங்க இறால் பிடிக்கிறவங்க. "மாடல் படி பாதிப்பு 13 சதவீதம்தான்"னு யாராவது ஒரு மீட்டிங்ல ஸ்லைடு போட்டா, அந்த 13 எந்த எண்ணை வெச்சு வந்துச்சுன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி கேட்கத் தெரிஞ்சாலே இந்தப் பாடத்தைப் படிச்சதுக்குப் பலன்.

நிஜ உலகத்துல இதைச் செய்யறவங்க யாரு? ஐதராபாத்துல இன்காய்ஸ்னு கடல் தகவல் மையம் இருக்கு, சுனாமி எச்சரிக்கை கொடுக்கிறதும் அவங்கதான். 2017 விபத்தப்ப எண்ணெய் எந்தப் பக்கம் நகரும்னு அவங்கதான் கணிச்சுக் கொடுத்தாங்க. அதுக்கு அவங்க பயன்படுத்துற மாடல் நோம். அமெரிக்காவோட நோவா அமைப்பு உருவாக்கினது. அதோட பைத்தான் வடிவம் பைநோம், ஓப்பன் சோர்ஸ். லேப்டாப்ல போட்டு நீங்களே திறந்து படிக்கலாம். உள்ள போய்ப் பார்த்தா நாம பேசுனதேதான்: துளிகள், தண்ணி வேகம், காத்தோட பங்கு, கரைல ஒட்டுற விதி, ஒட்டினது மறுபடி தண்ணிக்குத் திரும்ப எவ்வளவு நேரம்னு ஒரு எண். கூடவே, ஒவ்வொரு துளிக்கும் ஒரு சின்ன குருட்டு நடை. நாம அளக்க முடியாத குட்டிச் சுழல்களுக்கு ஈடா, ஒவ்வொரு துண்டுக்கும் துளியைச் சும்மா அங்க இங்க தள்ளி விடறது. ஒரு எச்சரிக்கை: இந்தத் தள்ளலோட அளவு நேரத்தோட வர்க்கமூலத்துல போகும். நேரம் நாலு மடங்கானாத்தான் பரவல் ரெண்டு மடங்கு ஆகும். நேரத்தால நேரடியா பெருக்கிட்டா, மறுபடி துண்டைப் பாதியாக்குற டெஸ்ட்ல மாட்டுவீங்க.

கேள்வி ஒண்ணு வந்துச்சு: "ப்ரோ, மேத்ஸ் எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்?" வேகம்னா இடத்தோட மாற்றம்னு புரிஞ்சா ஆரம்பிக்கலாம். பைத்தான், நம்பை, ஒரு மேட்பிளாட்லிப் படம், அவ்வளவுதான் கருவி. முதல்ல சுழலை ஆய்லர்ல எழுதுங்க, தப்பு வர்றதைக் கண்ணால பாருங்க. அப்புறம் சால்வ் ஐவிபி. அப்புறம் ஓதம். கோர்ஸ் எடுக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

சரி, ரிச்சர்ட்சன் திரும்ப வருவார்னு சொன்னேன்ல. 1948-ல அவரும் ஹென்றி ஸ்டொமல்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு சின்ன கட்டுரை போட்டாங்க. கடல்ல பொருள் எப்படிப் பரவுதுன்னு பார்க்க, ஸ்காட்லாந்துல தண்ணில பார்ஸ்னிப் துண்டுகளைத் தூக்கிப் போட்டு, ரெண்டு துண்டுக்கும் நடுவுல இடைவெளி எப்படி மாறுதுன்னு அளந்தாங்க. பார்ஸ்னிப்னா கேரட்டுக்குச் சொந்தக்கார கிழங்கு. ஏன் அது? தண்ணில முங்கியும் முங்காமலும் மிதக்கும், காத்து பிடிக்காது.

பார்ஸ்னிப்புக்கு நான் எங்க போறது? ஒரு ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்டோட எண்ணூர் போய், முகத்துவாரத்துப் பக்கம் ஓதம் வத்துற நேரம் பார்த்து ஆரஞ்சுப் பழம் போட்டோம். ஆரஞ்சும் முக்கால்வாசி முங்கித்தான் மிதக்கும். கரைல 100 மீட்டர் அளந்து, அவன் ஒரு முனைல, நான் ஒரு முனைல, போன்ல ஸ்டாப்வாட்ச். வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, இப்ப ஓட்டம் கம்மி, அமாவாசை கிட்ட வந்து போட்டுப் பாருங்கன்னு சொன்னார். முதல் பழம் ஒரு படகுக் கயித்துல மாட்டிக்கிச்சு. அடுத்த மூணும் சராசரியா 160 நொடி எடுத்துச்சு. நொடிக்கு 0.6 மீட்டருக்கு மேல. ஓட்டம் கம்மின்னு அவர் சொன்ன நாள்லயே இது. மூணு ஆரஞ்சை வெச்சு பேப்பர் எழுத முடியாது, தெரியும். இருந்தாலும் வீட்டுக்கு வந்து கோட்ல 0.5-ஐ அழிச்சிட்டு 0.6 போட்டு ஓட்டினேன். 34 மணி நேரம்னு வந்த இடத்துல 21 மணி நேரம்னு வந்துச்சு.

நோட்புக் லிங்க் போடறேன். அமாவாசைக்கு மறுபடி போறோம், வர்றவங்க மெசேஜ் பண்ணுங்க. ஆரஞ்சு நீங்க வாங்கிட்டு வரணும்.